ஜெர்மனியில் வங்கி தேடுகிறீர்களா? கட்டணத்தைப் பார்க்கும் முன் இதைக் கேளுங்கள்

ஜெர்மனிக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எந்த பேங்க்ல ஆன்லைன் வசதி நல்லா இருக்கும்?" என்பது. மாதக் கட்டணம் இல்லாத வங்கி எது, ஆங்கிலத்தில் ஆப் தரும் வங்கி எது என்று பதில்கள் வந்து குவியும். போன் உடைந்தாலோ தொலைந்தாலோ கணக்குக்குள் மறுபடி நுழைய எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என் நெருங்கிய நண்பன் ஒருவன் அதில் மாட்டிக்கொண்டு பட்ட பாடு இன்னும் எனக்கு ஆறவில்லை.

கணக்கு திறப்பதில் பெரிய சிரமம் கிடையாது. குடிபோன 2 வாரத்துக்குள் ஆன்மெல்டுங், அதாவது நகராட்சியில் முகவரிப் பதிவு முடித்து, அந்தத் தாளையும் பாஸ்போர்ட்டையும் விசாவையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போகலாம். ஆன்லைனில் திறந்தால் வீடியோ வழியாகவோ தபால் நிலையத்திலோ அடையாளம் பார்ப்பார்கள். மாணவர்களுக்கு ஸ்பெர்கோண்டோவில் (விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கும் கணக்கு) இருந்து மாதாமாதம் விடுவிக்கும் பணமும் இந்தக் கணக்குக்குத்தான் வரும். எல்லா வங்கியும் கையை விரித்தால் 'பாசிஸ்கோண்டோ', அதாவது அடிப்படைக் கணக்கு என்று கேளுங்கள். சட்டப்படி இங்கே தங்கியிருப்பவர்களுக்கு 2016இல் இருந்து அந்த உரிமை உண்டு. 1 லட்சம் யூரோ வரை உங்கள் சேமிப்புக்குச் சட்டப் பாதுகாப்பும் இருப்பதால், 'சின்ன வங்கி, மூழ்கிவிடுமோ' என்ற பயமும் வேண்டாம்.

சரி, சிக்கலுக்கு வருவோம். ஊரில் போன் மாற்றினால் என்ன செய்வோம்? சிம்மைக் கழற்றிப் புதிய போனில் போடுவோம், ஓடிபி வரும், ஜிபே திறந்துவிடும். இங்கே பெரும்பாலான வங்கிகள் குறுஞ்செய்தியில் எண் அனுப்புவதைக் கைவிட்டுவிட்டன. ஸ்பார்காஸேயில் புஷ்டான், கொமர்ட்ஸ்பாங்கில் ஃபோட்டோடான், ஃபோக்ஸ்பாங்கில் செக்யூர்கோ பிளஸ் என்று பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய ஆளுக்கொரு ஆப் வைத்திருக்கிறார்கள். அந்த ஆப் உங்கள் எண்ணோடு சேராது, அந்த ஒரு கருவியோடு கட்டப்பட்டிருக்கும். பழைய போனில் இருப்பதையெல்லாம் பேக்கப் எடுத்துப் புதியதில் இறக்கினாலும் அது வேலை செய்யாது. புதிதாகப் பதிய வேண்டும், அதற்கான குறியீட்டைப் பல வங்கிகள் தபாலில்தான் அனுப்புகின்றன.

நண்பன் புதிய போன் வாங்கியதும் பழையதைச் சுத்தமாக அழித்து, திருச்சிக்குப் போகிறவர் கையில் தம்பிக்குக் கொடுத்தனுப்பிவிட்டான். நாம் எல்லோரும் செய்வதுதான். அன்று இரவு புதிய போனில் ஆப் திறக்கவில்லை. வங்கியோ கிளையே இல்லாத ஆன்லைன் வங்கி. தொலைபேசியில் அழைத்தால் ஜெர்மனில் பேசும் இயந்திரம் தொலைபேசி ரகசிய எண்ணைக் கேட்கிறது, அதை யாருமே அவனுக்குச் சொல்லித் தரவில்லை. கடைசியில் ஒரு ஆள் கிடைத்து, கடிதம் அனுப்புகிறோம் என்றார். அனுப்பினார்கள், பழைய வீட்டு முகவரிக்கு. நகராட்சியில் முகவரி மாற்றினால் வங்கிக்கும் தானாகப் போய்விடும் என்று அவன் நம்பியிருந்தான், போகாது. இந்த ஊரில் ஃபிளாட் எண் கிடையாது. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். அங்கே அவன் பெயர் இல்லை, கடிதம் திரும்பிப் போனது. திரும்பி வந்ததால் முகவரி சந்தேகம் என்று வங்கி இன்னும் ஒரு பூட்டுப் போட்டது.

சம்பளம் கணக்கில் கிடக்கிறது, வாடகை கட்ட முடியவில்லை. வழக்கமாக மாதத்தின் 3ஆவது வேலை நாளுக்குள் வாடகை போய்ச் சேர வேண்டும். என் கணக்கில் இருந்து நான் கட்டினேன். யாரோ முன்பின் தெரியாத பெயரில் பணம் வந்திருக்கிறது, உங்கள் வாடகை வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் இருந்து எச்சரிக்கைக் கடிதம். பணம் வைத்திருக்கிற ஒருவனைக் கடன்காரன் போல நிற்க வைத்துவிட்டார்கள். கும்பகோணத்தில் என் அப்பா பாஸ்புக்கோடு கிளைக்குப் போனால், கவுண்டரில் இருப்பவர் "வாங்க சார், கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். அந்த முகம் தெரிந்த கவுண்டருக்கு எவ்வளவு மதிப்பு என்று அந்த மாதம் தெரிந்தது.

ஆகவே வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேளுங்கள்: போன் போனால் திரும்ப நுழைய என்ன வழி? ஸ்பார்காஸேயில் மாதக் கட்டணம் உண்டு, ஆனால் நேரில் போய்க் கேட்கக் கிளை இருக்கிறது. ஜெர்மன் வராதவர்களுக்கு அதுவே பெரிய விஷயம். என்26 என்ற ஆன்லைன் வங்கியில் எல்லாம் ஆங்கிலத்தில், போன் மாற்றத்தையும் ஆப்பிலேயே முடிக்கலாம், ஆனால் கிளை கிடையாது. எனக்குப் பிடித்தது சிப்டான். வங்கி அட்டையைச் செருகினால் உறுதிசெய்யும் எண்ணைத் தரும் சின்னக் கருவி அது, போனோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஸ்பார்காஸே, ஃபோக்ஸ்பாங்க் இரண்டிலும் கேட்டுப் பார்க்கலாம். அது வேண்டாம் என்றால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனை இரண்டாவது கருவியாகப் பதிந்து வையுங்கள், பல வங்கிகள் அனுமதிக்கின்றன. புதிய போனில் ஒரு பணப் பரிமாற்றம் செய்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். வாடகையை நிலையான உத்தரவாக, அதாவது டவர்ஆஃப்ட்ராகாகப் போட்டுவிட்டால் ஆப் பூட்டிக்கொண்டாலும் அது தன் பாட்டுக்குப் போகும். வீடு மாறுகிற அன்றே வங்கிக்கு முகவரி சொல்லுங்கள், பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். பகிர்ந்த வீடு என்றால் முகவரியில் பெட்டிக்காரர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. 2025 அக்டோபர் 9இல் இருந்து, யூரோவில் பணம் அனுப்பும்போது ஐபானும் (வங்கிக் கணக்கு எண்) பெறுபவர் பெயரும் பொருந்துகிறதா என்று வங்கி சரிபார்க்கிறது. அப்பா பெயரும் இனிஷியலும் இடம் மாறி நிற்கும் நமக்கு இது தொல்லை. வங்கியில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ, எழுத்து மாறாமல் அதையே அலுவலகத்தில் சம்பளத்துக்குக் கொடுங்கள்.

போன் திருட்டுப் போனால் 116 116. அட்டையையும் ஆன்லைன் கணக்கையும் பூட்டச் சொல்லலாம், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். அந்த எண்ணைப் போனில் மட்டும் சேமிக்காமல், ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.