கிட் காருக்கு டோனர் கார், என்ஜின்: எதை எடுப்பது, எதை விடுவது

மலிவாகக் கிடைத்தது என்று ஓர் என்ஜினை வாங்கி ஷெட்டில் போட்டுவிட்டு, அப்புறம் அதற்குப் பொருந்துகிற சேஸிஸைத் தேடிப் போவது தலைகீழான வேலை. முதலில் சேஸிஸ். அது கேட்கிற டோனர் கார், அதாவது பாகங்களுக்காகப் பிரிக்கிற பழைய கார், அடுத்து. என்ஜின் கடைசி. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வியே எழாது. டோனரில் இருக்கிற என்ஜினே போதும்.

இங்கே பேசுவது பிரிட்டனில் பாகத் தொகுப்பாக (கிட்) வாங்கி வீட்டில் கட்டப்படும் 'செவன்' வகைக் கார்களைப் பற்றி: லோட்டஸ் 1957-இல் கொண்டுவந்த செவன், 1973-இல் கேட்டர்ஹாம் கைக்குப் போன அதே வடிவம். குழாய் சேஸிஸ், இரண்டு சீட், முன்னால் என்ஜின், பின் சக்கர டிரைவ், எடை 550 முதல் 650 கிலோ. இந்தியாவில் இதை முயல நினைப்பவர்கள் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை முதலில் படித்துவிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கே அங்கே தடை இருக்கிறது.

சேஸிஸ் ஏன் முதலில் என்றால், டிஃப்ரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி, சுருக்கமாக டிஃப்) தாங்கும் பிராக்கெட், சக்கரத்தைப் பிடிக்கும் விஷ்போன் கைகளின் நீளம், கியர்பாக்ஸ் டனலின் அகலம், ஸ்டியரிங் ராக் உட்காரும் இடம் எல்லாமே குறிப்பிட்ட ஒரு டோனருக்காக வெல்டு செய்யப்பட்டவை. ஃபோர்டு சியராவுக்குச் செய்த சேஸிஸில் மஸ்டா எம்.எக்ஸ்-5 டிஃப் உட்காராது. சக்கரம்கூட மாறும்: சியராவுக்கு 4 போல்ட், 108 மில்லிமீட்டர் வட்டம், எம்.எக்ஸ்-5-க்கு 4 போல்ட், 100 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாட்டிப் பார்த்தால்தான் வம்பு தெரியும்.

ஃபோர்டு எஸ்கார்ட் இரண்டாம் தலைமுறைதான் ஒரு காலத்தில் எல்லாரும் எடுத்த டோனர். இன்று அதை உடைப்பது அநியாயம். முழு காராகவே நல்ல விலை போகிறது. பிளான் எஸ்கார்ட் ஆக்சிலுக்கென்றே போடப்பட்டிருந்தால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சியரா (1982–1993) இன்னும் வேலைக்கு ஆகும், ஆனால் கார்கள் அருகிவிட்டன. ஃபோர்-வீல் டிரைவ் சியராவைத் தொடாதீர்கள். அதன் கியர்பாக்ஸ் நமக்கு உதவாது. 2.0 பின்டோ என்ஜின் இரும்புக் குண்டு, உயரமும் அதிகம். பல சேஸிஸில் சம்பை (என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) வெட்டிக் குட்டையாக்கியும் பானட்டில் புடைப்பு வைக்க வேண்டிவரும். பின்டோவில் பார்க்க வேண்டியது கேம் ஷாஃப்ட். அதற்கு எண்ணெய் தெளிக்கும் மெல்லிய குழாயின் துளைகள் அழுக்கில் அடைத்துக்கொண்டால், கேமின் புடைப்பான லோபும், அது தள்ளுகிற ஃபாலோயரும் தேய்ந்துபோகும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். லோபின் உச்சி வழவழப்பாக இருக்க வேண்டும். கோடு விழுந்திருந்தாலோ நுனி மழுங்கியிருந்தாலோ கேம், ஃபாலோயர், குழாய் மூன்றையும் சேர்த்து மாற்றுகிற செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

சியராவின் டைப் 9 ஐந்து கியர் பாக்ஸில் ஒரு எளிய சோதனை உண்டு. முதல் மூன்று கியரிலும் ஐந்தாவதிலும் ஊளையிட்டு, நாலாவதில் மட்டும் அமைதியானால் லேஷாஃப்ட் (கியர்பாக்ஸின் துணைத் தண்டு) பேரிங் போய்விட்டது. நாலாவது நேரடி கியர், அதில் லேஷாஃப்டுக்குச் சுமை கிடையாது. எல்லா கியரிலும் ஒரே சத்தம், ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் மாறுகிறது என்றால் டிஃப்பைச் சந்தேகியுங்கள்.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு எம்.எக்ஸ்-5 முதல் இரண்டு தலைமுறைகள்தான் (1989–1997, 1998–2005) சரியான பதில். காரணம் துரு. பின் சக்கர வளைவுக்கு முன்னால் உள்ள சில் பகுதி அரித்துவிடும். இரண்டாம் தலைமுறையில் முன்பக்க சேஸிஸ் ரெயிலும் உள்ளிருந்தே உளுத்துப்போகும். எம்.ஓ.டி. என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தோற்று, வெல்டிங் செலவு காரின் விலையைத் தாண்டியதும் சொந்தக்காரர் விற்றுவிடுவார். நமக்கு வேண்டாத உடல்தான் செத்திருக்கிறது. வேண்டிய என்ஜின், கியர்பாக்ஸ், டிஃப், ஹப், பிரேக் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. எக்ஸோசெட் போன்ற கிட்களில், கியர்பாக்ஸையும் டிஃப்பையும் கோத்து நிற்கும் அலுமினிய ஃப்ரேமைப் பிரிக்காமலே உடலை மட்டும் மேலே தூக்கிவிட்டு, புதிய குழாய்ச் சட்டத்தை அதே இடத்தில் இறக்கிவிடலாம்.

எம்.எக்ஸ்-5 எல்லாம் ஒன்றல்ல. ஆரம்பகால 1.6 சுமார் 115 குதிரைத்திறன். 1995-க்குப் பின் பிரிட்டனில் விற்ற முதல் தலைமுறை 1.6 வெறும் 90, அதை 1.8 விலைக்கு வாங்கிவிடாதீர்கள். 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6-இல் கிராங்கின் முன்முனை குட்டை. புல்லி போல்ட் தளர்ந்தால் சாவிப்பள்ளம் தேய்ந்து கிராங்கே பாழாகும். கிராங்க் புல்லியின் நடுவில் உள்ள வெட்டுகளை எண்ணுங்கள்: 4 என்றால் குட்டை முனை, 8 என்றால் நீளமானது. என்ஜின் ஓடும்போது புல்லி ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் விட்டுவிட்டு வாருங்கள். 1.8-இன் டிஃப் 1.6-இன் டிஃப்பைவிடப் பெரிது, திடமானது. பிறகு பவர் கூட்டும் எண்ணம் இருந்தால் 1.8-ஐயே எடுங்கள்.

115 குதிரைத்திறன் போதுமா என்று கேட்பார்கள். 600 கிலோ காரில் அது டன்னுக்கு 190-க்கு மேல். முதல் கார் கட்டுபவர் அதற்குமேல் தேடி அலைய வேண்டியதில்லை.

கியர் விகிதத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபின் டிஃப் வாங்குங்கள். 195/50 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.81 மீட்டர். டைப் 9-இன் ஐந்தாவது கியர் 0.82. டிஃப் 3.62 என்றால், 3,000 ஆர்.பி.எம்.மில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1,010 சுற்று, அதாவது மணிக்கு 110 கிலோமீட்டர். 3.92 டிஃப்பில் அதே ஆர்.பி.எம்.முக்கு 101 கிலோமீட்டர். முதல் கியர் 3.65, 3.62 டிஃப்போடு சேர்ந்தால் 6,000 ஆர்.பி.எம்.மில் மணிக்கு 49 கிலோமீட்டர் வேகத்தில் தீர்ந்துவிடும். எடை குறைந்த காரில் அந்தக் கியர் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும். அதனால் டிஃப்பை இன்னும் குட்டையான விகிதத்துக்கு மாற்றுவது வீண்செலவு.

பணம் கொடுக்கும் முன் காகிதம்

வீட்டில் கட்டிய கார் ஐ.வி.ஏ. சோதனையில் (தனிக் கார் ஒவ்வொன்றுக்குமான அங்கீகாரச் சோதனை) தேறினால்தான் பதிவாகும். நம்பர் பிளேட் எது கிடைக்கும் என்பதை டோனர் முடிவு செய்கிறது. சேஸிஸ், கிட் தயாரிப்பாளரிடமிருந்து புதிதாக வந்து, முக்கியப் பாகங்களில் குறைந்தது இரண்டு ஒரே டோனரிலிருந்து வந்திருந்தால், டோனரின் வயதைக் காட்டும் பிளேட்டுக்கு வழி உண்டு. பாகங்கள் ஆளுக்கொரு காரிலிருந்து வந்து, வயதை நிரூபிக்க முடியாவிட்டால், வயது தெரியாத கார் என்று காட்டும் கியூ பிளேட். விற்கும்போது கியூ பிளேட்டுக்கு மதிப்பு குறைவு. பாகம் பாகமாக வாங்காமல் ஒரே காரை முழுதாக, வி5சி என்ற பதிவு ஆவணத்தோடு வாங்கச் சொல்வது இதனால்தான். உங்கள் திட்டத்தை வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வின் நடப்பு விதியோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கழித்துவிட்ட கார் என்றால் வகையைக் கேளுங்கள். 2017 அக்டோபர் முதல் ஏ, பி, எஸ், என் என்று நான்கு. ஏ என்றால் எதையுமே எடுக்கக்கூடாது, முழுதாக நசுக்க வேண்டும். பி-யில் பாகங்கள் எடுக்கலாம், உடல் நசுக்கப்பட வேண்டும். டோனருக்கு எஸ், என் போதும். முன்னால் இடிபட்டதென்றால் ராக், முன் ஹப், கிராங்க் புல்லி பக்கம் பாருங்கள். பின்னால் என்றால் டிஃப்பைச் சட்டத்தில் மாட்டும் காதுகள்.

புகைச் சோதனையின் அளவு என்ஜினின் வயதைப் பொறுத்தது. 1990-களின் பின்பகுதி என்ஜினுக்குக் கேட்டலிஸ்ட் அளவு: ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஆர்.பி.எம். கூட்டினால் 0.3, லாம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவுகோல்) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில். அதே என்ஜினில் பைக் கார்புரேட்டர் மாட்டிவிட்டு இதைத் தாண்டுவது கஷ்டம். 1980-களின் பின்டோவுக்கு அளவு எவ்வளவோ தாராளம், ஆனால் என்ஜின் வயதுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். செவனில் கேட்டலிஸ்ட் வெளியே, மேனிஃபோல்டிலிருந்து தள்ளி இருப்பதால் சீக்கிரம் ஆறிவிடும். சோதனைக்கு முன் பத்து நிமிடம் 2,500 ஆர்.பி.எம்.மில் ஓட்டிச் சூடேற்றுங்கள். நல்ல என்ஜின்கூட இது ஒன்றால் தோற்கும்.

ஓடுகிற காராகப் பார்த்து வாங்குதல்

ஓட்டிப் பார்க்க முடியாத டோனருக்குப் பாதி விலைதான். குளிர்ந்த என்ஜினை உங்கள் கண்முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போகும்போதே பானட் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எம்.எக்ஸ்-5-இல் டாப்பெட் டிக்டிக் என்று அடிப்பது சகஜம், எண்ணெய் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். ஹெட்டின் பின்பக்கம் கேம் சென்சாரின் ஓ-ரிங் கசிந்து கீழே இருக்கும் தண்ணீர்க் குழாயை நனைத்திருக்கும். அதுவும் சில்லறை வேலை, பேரம் பேசப் பயன்படும். எண்ணெய் பிரஷர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்: 1995 வாக்கிலிருந்து வந்தவற்றில் அது ஒரு சுவிட்ச்சுக்குக் கட்டுப்பட்ட முள், பிரஷர் எவ்வளவானாலும் நடுவிலேயே நிற்கும்.

கம்ப்ரஷன் பார்க்க என்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, முள் ஏறுவது நிற்கும்வரை கிராங்க் செய்யுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

வேறு என்ஜின் போட்டே தீர வேண்டும் என்றால்

ஃபோர்டு ஜீடெக், டூராடெக் இரண்டும் செவனில் நிறையப் போகின்றன. ஜீடெக் இரும்பு பிளாக். டூராடெக் அலுமினியம், எடை குறைவு. என்ஜின் விலை சொற்பம்தான். ஆனால் இவை முன் சக்கர டிரைவ் கார்களில் குறுக்கே உட்கார்ந்திருந்தவை. நெடுக்கே திருப்பிப் போட வேறு சம்ப், டைப் 9-க்கான பெல்ஹவுசிங், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பற்களுக்குப் (ஸ்ப்லைன்) பொருந்தும் கிளட்ச், என்ஜின் மவுன்ட், தனி இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வேண்டும். கிராங்கின் பின்முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்டைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங்கும் இருக்காது. அதை மறந்தால் கிளட்ச் இழுத்துப் பிடிக்கும், ஷாஃப்ட் ஆடும். ஜீடெக்கில் தண்ணீர் வெளியேறும் வாய் கியர்பாக்ஸ் பக்கம். செவனில் அது நேரே ஃபயர்வாலில் இடிக்கும். இந்தப் பட்டியலுக்கு விலை போட்டுக் கூட்டிப் பார்த்தால் இன்னொரு முழு டோனரே வாங்கிவிடலாம்.

பைக் என்ஜின் (யமஹா ஆர்1, சுசுகி ஹயபூசா) எடைக்குத் தங்கம், சாலைக்குத் தொல்லை. ரிவர்ஸ் கிடையாது, தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பைக் வளைவில் சாய்வதால் எண்ணெய் சம்பின் அடியிலேயே நிற்கும். கார் சாயாது, எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, அதை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுக்கும், பேரிங் போகும். பேஃபிள் (தடுப்புத் தகடு) வைத்த சம்ப் அல்லது எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் கட்டாயம். ஐ.வி.ஏ. சத்தச் சோதனையும் இருக்கிறது: அதிகபட்ச பவர் வரும் ஆர்.பி.எம்.மின் முக்கால் பங்கில் 99 டெசிபல் தாண்டக்கூடாது. 10,000-இல் பவர் கொடுக்கும் என்ஜினை 7,500-இல் அடக்கி வைக்க சைலன்ஸர் பெரிதாக வேண்டும்.

பிரிக்கும்போது

என்ஜினைத் தூக்குமுன் வயரிங்கை எடுங்கள். ஒரு வயரையும் வெட்டாமல், ஒவ்வொரு கனெக்டரிலும் டேப் ஒட்டி எது எங்கே என்று எழுதி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தலைமுறை எம்.எக்ஸ்-5-இல் இ.சி.யு., இம்மொபிலைஸர் பெட்டி, சாவி மூன்றும் ஒரே ஜோடிப்பு. ஒன்று தொலைந்தாலும் என்ஜின் பற்றாது. ஏர்ஃப்ளோ மீட்டர், லாம்ப்டா சென்சார், காயில்கள் என்ஜினோடேயே வரட்டும். ஸ்டியரிங் காலம், பெடல், ஹேண்ட்பிரேக் கேபிள், வைப்பர் மோட்டார், ஃபியூயல் பம்ப், ரேடியேட்டர் ஃபேன், சுவிட்சுகள், போல்ட் டப்பாக்கள் எதையும் கார் சாலைக்கு வரும்வரை விற்காதீர்கள். சீட், ஹூட், கதவுகள், ஹார்ட்டாப் இருந்தால் அதுவும், உடனே விற்கலாம். டோனருக்குப் போட்ட காசில் கணிசமான பங்கு அதிலேயே திரும்பும்.

கார் பிரிபட்டுக் கிடக்கும் காலம் முழுக்க, அது சாலையில் ஓடவில்லை என்று சொல்லும் எஸ்.ஓ.ஆர்.என். அறிவிப்பு இருக்க வேண்டும். மிஞ்சிய கூட்டை உரிமம் பெற்ற ஏ.டி.எஃப். (பழைய கார்களை அழிக்கும்) யார்டில்தான் போட வேண்டும். ஆனால் அங்கே அனுப்புவதற்கு முன், டோனரின் வயது பிளேட்டுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், வி5சி-யை என்ன செய்வது என்று டி.வி.எல்.ஏ.விடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அழிப்புச் சான்றிதழ் ஒருமுறை போட்டுவிட்டால் அந்தக் காரின் அடையாளத்தைத் திரும்ப எடுக்க முடியாது.