ஒரு டிராயரில் ஆரம்பியுங்கள்: வீட்டு அடைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது எப்படி?

வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நினைத்தாலே ஒரு மலைப்பு வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாமான், எதில் கை வைப்பதென்றே தெரியாது. நானும் இரண்டு மூன்று தடவை விடுமுறை நாள் முழுவதையும் ஒதுக்கி, எல்லா அலமாரிகளையும் ஒரே மூச்சில் கலைத்துப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் உடம்பு ஓய்ந்துவிடும். பாதி வேலையில் நிறுத்திவிட்டு, எடுத்ததையெல்லாம் மறுபடி உள்ளே திணித்து மூடுவேன். அப்புறம் ஒரு நாள் ஒரே ஒரு டிராயரை மட்டும் எடுத்தேன். அது முடிந்தது. முடிந்ததைப் பார்த்த தெம்பில்தான் அடுத்ததைத் தொட முடிந்தது.

வீட்டில் கிடக்கிற ஒவ்வொரு வேண்டாத பொருளுக்குப் பின்னாலும், ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்ட ஒரு முடிவு இருக்கிறது. மனதை அழுத்துவது அதுதான். அமெரிக்காவில் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அடைசலைப் பற்றியும் முடியாத வேலைகளைப் பற்றியும் அதிகம் பேசிய மனைவிகளுக்கு, பகல் போகப் போக இயல்பாக இறங்க வேண்டிய, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசோல் என்ற ஹார்மோன் அந்த அளவுக்கு இறங்கவில்லை. எதனால் எது என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ‘முடியாத வேலைகள்’ என்ற அந்த வார்த்தையைப் படித்தபோது, என் வீட்டைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றியது.

படி 1: மிகச் சிறிய இடம், 15 நிமிடம்

ஓர் அறையை எடுக்காதீர்கள். ஓர் அலமாரிகூட வேண்டாம். ஒரு டிராயர், அலமாரியில் ஒரு தட்டு, ஒரு கைப்பை, இந்த அளவு போதும். போனில் 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடுக்கி வைக்கப் புதிதாக டப்பா வாங்கலாமே என்று கை பரபரக்கும். இப்போது வேண்டாம். எது மிஞ்சும் என்று தெரியாமல் வாங்கும் டப்பாவும் அடைசலோடுதான் சேரும்.

படி 2: முழுவதும் வெளியே எடுங்கள்

ஒரு பழைய துணியை விரித்து, டிராயரை அதில் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே பார்த்துக்கொண்டே வேண்டாததை மட்டும் பொறுக்கினால் நான்கு பொருள்கூட வெளியே வராது. எல்லாம் வெளியே வந்த பிறகுதான், எதை உள்ளே வைக்கலாம் என்று யோசிக்கத் தோன்றும்.

என் முதல் டிராயரில் இருந்தவை: மூடியில்லாத பேனாக்கள், காய்ந்துபோன பசை, எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிட்ட ரசீதுகள், எப்போதோ தொலைந்துபோன போனின் சார்ஜர், அப்புறம் எந்தப் பூட்டுக்கென்று தெரியாத ஐந்து சாவிகள். வீட்டிலிருந்த எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டு பொருந்தின. மற்ற மூன்றும் எதற்குமே சேரவில்லை. அப்படியும் அவற்றைத் தூக்கிப்போடக் கை வரவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ‘என்றைக்காவது தேவைப்பட்டால்?’ என்ற கேள்வி அப்படிப் பிடித்து நிறுத்தியது.

படி 3: நான்கு குவியல்

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இந்த நான்கில் ஒன்றில் போடுங்கள்: இதே டிராயருக்கு, வீட்டில் வேறு இடத்துக்கு, வேறு யாருக்காவது கொடுக்க, குப்பைக்கு. வேறு இடத்துக்குப் போக வேண்டியதை உடனே எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். போன இடத்தில் இன்னொரு வேலை கண்ணில் படும், டிராயர் அப்படியே கிடக்கும். கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: மனம் தயங்கும்போது

எல்லாரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட சோதனை ஒன்று பிரபலமானது. சிலருக்குச் சும்மா ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டு, அதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், என்ன விலை கொடுத்து வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கையில் வந்து சற்று நேரமே ஆன கோப்பைக்கே இப்படி. பத்து வருடம் நம்மோடு கிடந்த பொருளை விட மனம் வராததில் ஆச்சரியம் இல்லை.

அதனால் ‘இதைத் தூக்கிப்போடலாமா?’ என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். ‘இது இன்று என்னிடம் இல்லையென்றால், காசு கொடுத்து வாங்குவேனா?’ என்று கேளுங்கள். பாதித் தயக்கம் அங்கேயே தீரும். மீதியை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே இன்றைய தேதியை எழுதுங்கள். மூன்று மாதம் வரை அதைத் தேடிப் பெட்டியைத் திறக்கவே இல்லையென்றால், பெட்டியோடு அனுப்பிவிடலாம். அந்த மூன்று சாவிகளும் இப்படித்தான் என் வீட்டை விட்டுப் போயின.

படி 5: வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும்

பிரித்து வைத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுவோம். கொடுக்க வேண்டிய பை கதவோரம் ஒரு வாரம் நிற்கும், அப்புறம் யாராவது பிரித்து இரண்டு பொருளைத் திரும்ப எடுப்பார்கள், அப்புறம் அதுவே இன்னோர் அடைசல். யாரிடம், எந்த நாள் கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்து பையின் மேல் எழுதி ஒட்டுங்கள். அந்தப் பை போகும்வரை அடுத்த டிராயரைத் தொடாதீர்கள். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இன்னொன்று: கிழிந்ததும் உடைந்ததும் கொடுக்கிற பையில் போகக் கூடாது. வாங்குகிறவருக்கும் மரியாதை உண்டு.

சில பொருட்களை அப்படியே குப்பையில் போட முடியாது. பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். லித்தியம் பேட்டரி குப்பையில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். பொத்தான் போன்ற சிறு பேட்டரிகளைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். காலாவதியான மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று மருந்துக்கடையில் கேளுங்கள். பழைய போனைக் கொடுக்கும் முன் வேண்டியதைச் சேமித்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, போனில் இருப்பதை முழுவதும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள்.

படி 6: எளிதிலிருந்து கடினத்துக்கு

குளியலறை அலமாரி, சமையலறைத் தட்டு, துணிகள், காகிதங்கள் என்ற வரிசை எனக்குச் சரியாக வந்தது. சொத்து, படிப்பு, வரி, மருத்துவம் தொடர்பான காகிதங்களை மட்டும் அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள். ஒரே கோப்பில் சேர்த்து வைத்தால் போதும்.

வீட்டில் மற்றவர்களின் பொருட்களை அவர்களைக் கேட்காமல் தொடவே வேண்டாம். குழந்தையின் உடைந்த பொம்மையானாலும் சரி. உங்கள் பங்கை முடியுங்கள், அவர்கள் பார்க்கட்டும்.

நினைவுப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. அப்பா போன பிறகு அவருடைய மூக்குக் கண்ணாடிகள் ஏழு இருந்தன. ஏழையும் ஒரு பெட்டியில் போட்டு, பார்க்கப் பயந்து, வருடக்கணக்கில் பரணில் வைத்திருந்தேன். மற்ற இடங்களெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பெட்டியை இறக்கத் துணிவு வந்தது. ஒரு கண்ணாடியின் காம்பில் அவர் நூல் சுற்றிக் கட்டியிருந்தார். அதை எடுத்து என் மேசையில் வைத்துக்கொண்டேன். மற்ற ஆறும் தேவைப்படுகிறவர்களுக்குப் போயின. முன்பு பெட்டியோடு மறைத்து வைத்திருந்த அப்பாவை இப்போது தினமும் பார்க்கிறேன். உங்களுக்கு அந்த நாள் இன்னும் வரவில்லையென்றால் பெட்டியைத் திறக்காதீர்கள், அது காத்திருக்கும்.

படி 7: திரும்பச் சேராமல் இருக்க

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் முடிவு செய்யுங்கள். புதிதாக ஒரு சட்டை வந்தால் பழைய சட்டை ஒன்று போகட்டும். தூங்கப் போகும் முன் ஐந்து நிமிடம், மேசையிலும் நாற்காலியிலும் கிடப்பதை அதனதன் இடத்தில் வையுங்கள். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து உங்கள் முதல் டிராயரைத் திறந்து பாருங்கள். புதிதாக ஏதாவது வந்து விழுந்திருந்தால், அதற்கென்று ஓர் இடம் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அதை எங்கே வைப்பதென்று அப்போதே முடிவு செய்து, அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு டிராயரை மூடுங்கள்.