ராத்திரி வீட்டுக்குள்ள திருடன் வந்துட்டா என்ன பண்ணணும்

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க சித்தி வீட்ல பின்கதவை நெம்பி உள்ள வந்துட்டானுங்க. ராத்திரி ரெண்டரை மணி, பக்கத்து ரூம்ல பீரோ கதவு கிரீச்னுது, சித்தி முழிச்சவங்க சத்தமே போடாம ரூம் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு கட்டிலை இழுத்து முட்டுக்கொடுத்துட்டு 100க்கு போன் பண்ணாங்க. ஆறு பவுன் போச்சு, ஆனா ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. எல்லாருக்கும் நான் சொல்றதும் இதுதான், ஹாலுக்கு போய் லைட்டை போட்டு யாருடா அதுன்னு கேக்காதீங்க, அவன் கையில கடப்பாரை இருக்கும்.

112, 100 எதுக்கு அடிச்சாலும் முதல்ல அட்ரஸ், பக்கத்துல இருக்கற கோயிலோ கடையோ, அப்புறம்தான் நடந்த கதை, நடுவுல லைன் கட் ஆனாலும் வண்டி வந்துடும். நேருக்கு நேர் மாட்டிக்கிட்டா கேட்டதை குடுத்துடுங்க, சாவி எங்கன்னா சொல்லிடுங்க, தெரிஞ்ச முகமா இருந்தாலும் "நீ அவன்தானே"ன்னு மட்டும் வாய தொறக்காதீங்க. கழுத்துல கத்தி வச்சவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

திருப்பி அடிக்கலாமான்னு கேப்பீங்க. அடிக்கலாம், அதுக்கு அளவு இருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசிங்கற பழைய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா பாரதிய நியாய சன்ஹிதா, அதுல 34வது பிரிவுல இருந்து 44 வரைக்கும் தற்காப்பு உரிமைதான். கொள்ளையடிக்க வந்தாலோ ராத்திரி வீட்டை உடைச்சு உள்ள வந்தாலோ அவன் உயிர் போற அளவுக்குகூட தடுக்கலாம்னு 41 சொல்லுது, வாட்ஸ்அப்ல சுத்துறது இந்த பாதி மட்டும்தான். தேவைக்கு மேல அடிக்கக்கூடாதுன்னு 37 இருக்கு, அதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. பிடிபட்டு கீழ கிடக்கறவனை, கம்பத்துல கட்டினவனை தெருவே சேர்ந்து அடிச்சு அவன் செத்துட்டா கொலை கேஸ் அடிச்சவங்க மேலதான். பிடிச்சு வைக்கலாம், ஆனா 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ் கையில ஒப்படைக்கணும். காம்பவுண்ட்ல கரண்ட் கம்பி விடுறதெல்லாம் வேண்டவே வேண்டாம், அதுல பந்து எடுக்க வர்ற பக்கத்து வீட்டு பையன் மாட்டுவான்.

அவன் போனப்புறம்தான் நாம நிறைய தப்பு பண்றோம். சித்தி பதட்டத்துல, போலீஸ் வர்றதுக்குள்ள கலைஞ்சு கிடந்த புடவையெல்லாம் மடிச்சு வச்சு பீரோவை ஈரத்துணியால துடைச்சுட்டாங்க, கைரேகை எடுக்க வந்தவர் பவுடர் தடவி பாத்தா கைப்பிடியில ஒண்ணுமே இல்ல. அதனால எதையும் தொடாதீங்க, பெருக்காதீங்க, அந்த ரூமை சாத்திட்டு வெளிய உக்காருங்க. சிசிடிவி இருந்தா அன்னைக்கே காப்பி எடுத்து வைங்க, பழைய ரெக்கார்டிங் மேலயே புதுசு ஏறி அழிஞ்சிடும்.

ஸ்டேஷன்ல புகாரை வாங்கிக்கிட்டோம்னு தர்ற சிஎஸ்ஆர் ரசீதை குடுத்து அனுப்பினா அதோட வந்துடாதீங்க, அது எஃப்ஐஆர் இல்ல. சித்திக்கு அதை கையில வச்சுக்கிட்டே பத்து நாள் ஓடிப்போச்சு. எஃப்ஐஆர் காப்பி இலவசமா குடுத்தாகணும், வேற ஏரியாவுல நடந்ததா இருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் எஃப்ஐஆர் போடலாம், அதுக்கு பேர்தான் ஜீரோ எஃப்ஐஆர், போட மாட்டேன்னா புகாரை எழுதி எஸ்பிக்கு தபால்ல அனுப்புங்க, சிட்டின்னா கமிஷனர் ஆபீஸ், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட். இன்சூரன்ஸ் இருந்தா அவங்களும் முதல்ல கேக்கறது எஃப்ஐஆர்தான்.

இன்னைக்கே ஒண்ணு பண்ணுங்க, நகை ஒவ்வொண்ணையும் கிட்ட வச்சு போட்டோ எடுத்து, எத்தனை கிராம்னு எழுதி, பில்லோட சேர்த்து வெளியூர்ல இருக்கற பிள்ளைக்கு அனுப்பி வைங்க. பிடிபட்ட நகை ஸ்டேஷன்ல இருந்து நேரா வீட்டுக்கு வராது, கோர்ட்ல மனு போட்டு இது என்னுதுன்னு காட்டணும். சித்தியோட ரெட்டை வட சங்கிலி திரும்ப கிடைச்சப்ப பில் இல்ல, அவங்க கல்யாண ஆல்பத்தை கோர்ட்டுக்கு தூக்கிட்டு போய் கழுத்துல கிடக்கறதை காட்டித்தான் வாங்கினோம்.