வலி வந்ததும் மணியைப் பாருங்கள்

தலைப்பிரசவமா? வலி எடுத்ததும் ஆட்டோவைக் கூப்பிடாமல், ஒரு வலி தொடங்குவதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று செல்போனில் குறித்துவாருங்கள். 5 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 1 நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே போனால் கிளம்பலாம். கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. வரை திறக்கவேண்டும், முதல் சில செ.மீ.க்கே பல மணி நேரம் ஆகும். சூட்டு வலி (பிரசவ வலி போலத் தோன்றும் பொய் வலி) என்றால் கொஞ்சம் நடந்து, சீரகத் தண்ணீர் குடித்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு வீண் அலைச்சல் மிச்சம்.

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரம் நிரம்பாவிட்டாலோ, முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ இந்தக் கணக்கே வேண்டாம், உடனே 108. இரண்டாவது பிரசவம் சட்டென்று முன்னேறும், அதற்கும் காத்திருக்காதீர்கள்.