மாப்பிள்ளை இந்து, பெண் கத்தோலிக்கம்: தேவாலயத்தில் கல்யாணம் கட்ட என்ன செய்ய வேண்டும்?

மலையகத் தோட்டத்தில் ஒரு இந்துப் பையனும் வேதக்காரப் பெண்ணும் விரும்பிவிட்டால் இரண்டு வீட்டிலும் முதலில் எழும் கேள்வி, "யார் மாறுவது?" என்பதுதான். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி யாரும் மாறத் தேவையில்லை. அவர் இந்துவாகவும் இவர் கத்தோலிக்கராகவும் இருந்தபடியே தேவாலயத்தில் கட்டலாம், திருமணம் செல்லும். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே ஆயரிடமிருந்து விலக்கு (சட்டத்தின் தடையை இந்த ஒரு திருமணத்துக்குத் தளர்த்துவது) கிடைத்திருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1086ஆம் சட்டம் இதைச் சொல்கிறது. அந்த விலக்கு இல்லாவிட்டால், பீடத்தின் முன் நின்று ஊரறியத் தாலி கட்டினாலும் திருச்சபை அதைத் திருமணமாக ஏற்காது.

கல்யாணத்துக்காக அவசரமாக ஞானஸ்நானம் வாங்குவதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கும் தவறு. "தண்ணி ஊத்திக்கிட்டா ஃபாதர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். விசுவாசத்தை ஏற்கும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. வயதுவந்த ஒருவர் ஞானஸ்நானம் பெறவேண்டுமானால் அவராக விரும்பிக் கேட்க வேண்டும், மறைக்கல்வி படிக்க வேண்டும். வழக்கமாக அது உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டர்) இரவு வழிபாட்டில்தான் முடியும். மனமில்லாமல் பெற்ற ஞானஸ்நானம் இரண்டு வருடத்தில் வீட்டுச் சண்டையாக வெளியே வரும். விசுவாசம் வந்தால் கல்யாணத்துக்குப் பிறகும் பெறலாம், அதற்குக் காலக்கெடு கிடையாது.

எங்கே, எப்போது தொடங்குவது?

கத்தோலிக்கர் வசிக்கும் பங்கின் (அந்தப் பகுதித் தேவாலயத்தின்) ஃபாதரைப் பாருங்கள், இருவரும் சேர்ந்தே போங்கள். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டத்தில் (ஒரு ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதி) இருக்கின்றன. பதுளைக்குத் தனி மறைமாவட்டம் உண்டு. கேகாலையும் இரத்தினபுரியும் இரத்தினபுரி மறைமாவட்டம். விண்ணப்பத்தை ஆயர் இல்லத்துக்கு அனுப்புவது ஃபாதரின் வேலை, நீங்கள் கண்டிக்கு அலைய வேண்டியதில்லை. பெண் கொழும்பில் வேலை செய்து ஒரு மாதத்துக்கு மேல் அங்கே தங்கியிருந்தால் அந்தப் பங்கிலும் கட்டலாம். இரண்டும் இல்லாத வேறொரு தேவாலயம்தான் வேண்டுமென்றால் சொந்தப் பங்கின் அனுமதி தேவை.

குறைந்தது மூன்று மாதம் முன்பே போங்கள். சான்றிதழ் வேறு பங்கிலிருந்து வரவேண்டியிருந்தால் ஆறு மாதம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, அழைப்பிதழும் அடித்துவிட்டு ஃபாதரிடம் ஓடாதீர்கள். தேதியிலும் சிக்கல் உண்டு. இந்து வீட்டார் ஆடியையும் மார்கழியையும் ஒதுக்குவார்கள், பல பங்குகளில் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் எந்த நாளில் விழுகிறதென்று பார்த்துவிட்டுத் தையிலோ சித்திரைக்குப் பிறகோ நாள் குறிப்பது நல்லது.

தாள்கள்

கத்தோலிக்கர் கொண்டுபோக வேண்டியது ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய ஞானஸ்நானச் சான்றிதழ். பெட்டியடியில் இருக்கும் பழைய தாளை ஏற்காததற்குக் காரணம் உண்டு. ஒருவர் உறுதிப்பூசுதல் பெற்றாலும் கல்யாணம் கட்டினாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போய், பதிவேட்டில் அவருடைய பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் எழுதப்படும். புதிதாக எடுத்த சான்றிதழில்தான் அந்த ஓரக் குறிப்பும் வரும். ஏற்கெனவே கட்டியிருக்கிறாரா என்பதைத் திருச்சபை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

மலையகத்தில் இந்தத் தாள்தான் அதிகம் இழுத்தடிக்கும். தோட்டத்துச் சின்னத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள், பதிவேடோ டவுனிலுள்ள தாய்ப் பங்கில் இருக்கும். அப்போது குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருந்தது, அந்தத் தோட்டம் அன்று எந்தப் பங்கைச் சேர்ந்திருந்தது என்று முதலில் விசாரியுங்கள். பெயரும் குழப்பும். பிறப்புச் சான்றிதழில் விஜயலெட்சுமி, பதிவேட்டில் மரிய விக்டோரியா என்று இருக்கும். அப்பா அம்மா பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்துக் கொடுத்தால் தேடுவது சுலபம். பதிவேடே அழிந்து போயிருந்தால் கலங்க வேண்டாம். ஞானஸ்நானத்தைக் கண்ணால் கண்ட நம்பகமான ஒருவரின் சாட்சியம் போதும் என்று 876ஆம் சட்டம் சொல்கிறது. ஞானத்தாயோ பெரியம்மாவோ உயிரோடு இருந்தால் கூட்டிப் போங்கள்.

இந்துத் தரப்புக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வேண்டும். அவர் இதற்கு முன் கல்யாணம் கட்டாதவர் என்று சொல்ல, அவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரை ஃபாதர் கேட்பார். பெற்றோராக இருந்தாலும் சரி. அவர் இந்து அல்லாமல் வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் என்றால் விலக்குத் தேவையில்லை, அனுமதி போதும். ஆனால் எப்படி ஞானஸ்நானம் பெற்றார் என்று கேட்பார்கள். தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் தண்ணீரில் கொடுத்திருந்தால் செல்லும். "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் சபைகள் உண்டு, அது செல்லாது. அப்படியானால் மறுபடி விலக்குத்தான்.

விவாகப் பதிவு தனி வேலை. பதிவாளரிடம் சாதாரண அறிவித்தல் கொடுத்தால் 12 நாள் கழிய வேண்டும், இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவை எந்த நாளில், எங்கே வைப்பதென்று ஃபாதரோடு பேசி முடிவு செய்யுங்கள். திருமண ஆயத்த வகுப்புக்கு இருவரும் போக வேண்டும். தமிழில் எப்போது நடக்கிறதென்று முதல் சந்திப்பிலேயே கேட்டு வையுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிய வாக்குறுதி

இருவரும் உட்கார்ந்து ஆற அமரப் பேச வேண்டிய இடம் இது. கத்தோலிக்கர் இரண்டு விடயத்துக்குக் கையொப்பம் வைக்கிறார்: தன் விசுவாசத்தை விட்டுவிட மாட்டேன், பிறக்கும் பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று வளர என்னால் ஆனதையெல்லாம் செய்வேன். இந்துத் தரப்பு எந்த வாக்குறுதியும் கொடுப்பதில்லை. இன்னொருவர் இப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு இருவரும் வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1970இல் அதை மாற்றினார். பாட்டிமார் இன்றும் பழைய கதையைச் சொல்வது அதனால்தான்.

'என்னால் ஆனதையெல்லாம்' என்பதற்குக் கணவனை மிரட்டலாம் என்று பொருளில்லை. மெய்யாகவே முயன்றும் முடியாமல் போனால் திருமணம் செல்லாமல் போகாது. ஆனால் "இப்ப கையெழுத்தப் போடு, புள்ள பிறந்த பிறகு பாத்துக்கலாம்" என்று வைத்தால் அது பொய் வாக்குறுதி. மாமியார் பிள்ளைக்குக் கோயிலில் மொட்டை அடிக்கத் தேதி குறிக்கும்போதுதான் அந்தச் சண்டை வெடிக்கும். ஃபாதரைப் பார்ப்பதற்கு முன்பே இரு வீட்டாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

காலையில் கோயிலில், பின்னேரம் தேவாலயத்தில் கட்டலாமா?

முடியாது. ஒரே திருமணத்துக்கு இரண்டு சமயச் சடங்கில் சம்மதம் கொடுப்பதை 1127ஆம் சட்டம் தடுக்கிறது, முன்னாலும் சரி, பின்னாலும் சரி. தாலி ஒரு தடவைதான். தேவாலயத்தில் ஃபாதர் தாலியை மந்திரித்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டலாம், கூரைச் சேலை மாற்றலாம். முதல் நாள் நலங்கும் விருந்தும் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவதும் வழக்கம்போல நடக்கட்டும். இந்து வீட்டார் கோயிலில்தான் கட்ட வேண்டுமென்று கடைசிவரை நின்றால், தேவாலய முறைக்கே விலக்குத் தரும் அதிகாரம் ஆயருக்கு உண்டு. அதற்குப் பலமான காரணம் வேண்டும், தனி விண்ணப்பமும் வேண்டும். கேட்டவுடன் கிடைக்கும் என்று எண்ணி நாள் குறிக்காதீர்கள்.

வழிபாடு பொதுவாகப் பூசை (திருப்பலி) இல்லாமல், இறைவாக்கு வாசகத்தோடு நடக்கும். பூசை வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் பாதிப்பேர், கத்தோலிக்கருக்கு மட்டும் கொடுக்கும் நற்கருணைக்கு வரிசையில் வந்து கை நீட்டுவார்கள், பிரசாதம் என்றுதான் நினைப்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது அந்த நாளில் மனதை நோகடிக்கும். பூசையாக இருந்தால் முன்கூட்டியே ஒருவரை நிறுத்தித் தமிழில் பணிவாக அறிவிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கட்டி வாழ்கிறவர்களுக்கு

பதிவு மட்டும் செய்தவர்களும் கோயிலில் கட்டியவர்களும் ஃபாதரிடம் போகக் கூச்சப்பட்டே பல வருடம் நற்கருணை இல்லாமல் இருக்கிறார்கள். விலக்கு வாங்கி, இரண்டு சாட்சிகளோடு சம்மதத்தைப் புதுப்பித்தால் சீராகிவிடும். கூட்டம் கூட்டத் தேவையில்லை. கணவர் தேவாலயத்துக்கு வரவே மாட்டேன் என்றாலும் வழி உண்டு. இருவருக்கும் சேர்ந்து வாழும் மனம் இருந்தால், மறுபடி சம்மதம் சொல்லாமலே ஆயர் அந்தத் திருமணத்தை அடிவேரிலிருந்து செல்லுபடியாக்கலாம். இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை, நீங்களே ஃபாதரிடம் கேளுங்கள்.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை முன்பு ஒரு இந்துப் பெண்ணைக் கட்டியிருந்து, நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கியிருந்தால், அந்த முதல் திருமணத்தையும் திருச்சபை மதிக்கிறது. பதியாமல் கோயிலில் மட்டும் கட்டியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். மறைமாவட்ட நீதிமன்றம் அதை ஆராயாமல் ஃபாதர் நாள் தரமாட்டார். மறைத்துக் கட்டினால் இரண்டாவது செல்லாது.

பெற்றோரின் கல்யாணம் இன்னும் சீராகவில்லை என்பதற்காகப் பிள்ளையின் ஞானஸ்நானம் நின்றுவிடாது. ஒருவராவது சம்மதித்து, பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை இருந்தால் போதும். ஞானப்பெற்றோர் ஒருவர் இருந்தாலும் சரி. ஆனால் 16 வயது நிறைந்து உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். இந்துவான தாய்மாமன் ஞானத்தந்தையாக முடியாது, இதை விழாவுக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதற்கும் விருந்தில் தாய்மாமன் சீர் செய்வதற்கும் தடையில்லை.