வேலூர் மிஷன் பள்ளிகளில் சுற்றுச்சூழல் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் 1853-இல் தொடங்கியது. அந்த வழியில் வந்த பள்ளிகள் பலவற்றுக்கு இன்றும் பெரிய வளாகமும் நிழல் தரும் பழைய மரங்களும் உண்டு. ஆனாலும் சுற்றுச்சூழல் வேலை என்றால் பெரும்பாலும் ஜூன் 5-ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் தினத்தோடு சரி. விழாவைத் திட்டமிடுகிற அளவுக்கு மறுநாள் வேலையை யாரும் திட்டமிடுவதில்லை.

மரக்கன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் வாரத்தில் வேலூர் வெயில் இன்னும் இறங்கியிருக்காது. ஆயர் ஜெபம் செய்ய, தாளாளர் மண்ணைத் தள்ள, போட்டோ எடுத்ததும் எல்லாரும் வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? இங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் ஓரளவு மழை உண்டு, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். அப்போது நட்டால் வேர் பிடிக்கும். ஜூன் 5-ஐ விடவே முடியாது என்றால் அன்றைக்குக் குழி மட்டும் வெட்டி வையுங்கள்.

பிழைத்த கன்றுக்கும் அடுத்த கண்டம் மே மாதம். பள்ளி பூட்டியிருக்கும், அக்னி நட்சத்திரம் கொளுத்தும், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. அதனால் நடுவதற்கு முன்பே, மே மாதம் யார் ஊற்றுவார் என்று பெயர் எழுதிவிடுங்கள். வாட்ச்மேன் என்றால் அவருக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். நூறு கன்று வைத்துக் கருகவிடுவதைவிட, பத்து வேம்பும் புங்கனும் பூவரசும் பிழைத்தால் போதும்.

இதே வளாகத்தில்தான் காலையில் மணி அடிப்பதற்கு முன் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். புகைக்குள்ளேயே பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுகிறார்கள். அந்தச் சருகைக் கன்றின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், ஊற்றும் தண்ணீரும் குறையும். சருகு இருந்தால் வளாகம் அசிங்கம் என்கிற எண்ணத்தை மட்டும் கொஞ்சம் விட வேண்டும்.

தண்ணீரில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. இந்தப் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அதனால் பள்ளிகளில் ஆர்.ஓ. இயந்திரம் வைக்கிறார்கள். அது கழிக்கிற தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகும். இல்லையென்றால், வீணாக்கக் கூடாது என்ற நல்ல மனசில் யாராவது செடிக்குத் திருப்பிவிடுவார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல், மண் கெட்டுப்போகும். ஒரு டிரம்மில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மழைநீர்த் தொட்டி. 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது எல்லாரும் கட்டினார்கள். இப்போது மாடியில் ஏறிப் பாருங்கள்: குழாய் வாயில் சருகு, புறாக்கூடு, உடைந்த பந்து. கீழே ஜல்லியும் மணலும் சேறாக இறுகியிருக்கும். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஒதுக்கி மணலை அள்ளிக் கழுவிப் போட்டாலே வேலை முடிந்தது. புதிதாகக் கட்டப் பணம் திரட்டுவதெல்லாம் அப்புறம்.

பிளாஸ்டிக் ஒழிப்புக்கு ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவதைப் பற்றி என்ன சொல்ல! சபையின் அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டில் கொடுக்கிற பேப்பர் கப்பின் உள்பூச்சும் பிளாஸ்டிக்தான்; 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. தையல் இலையும் டம்ளரும் போதும். கழுவ ஆள் இல்லை என்பார்கள், வாலிபர் சங்கம் எதற்கு இருக்கிறது?

என்னைக் கேட்டால், பிரசங்கத்தில் நடக்கிற தவறுதான் பெரியது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு வந்தது. வெள்ளம், வெயில் எல்லாமே கடைசிக்கால அடையாளம் என்று மேடையில் சொல்லிவிட்டால், பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால்தான் கொட்டும்போது பேய்மழையாகக் கொட்டுகிறது என்று அறிவியல் ஆசிரியர் அதே மேடையில் ஐந்து நிமிடம் விளக்கட்டும். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்தார் என்ற ஆதியாகம வசனத்தை அதன் பிறகு வாசித்தால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிபடும்.

கடைசியாக ஒன்று. ஆயர் மாற்றலாகிப் போனால் தாளாளரும் மாறுவார், திட்டமும் அவரோடு போய்விடும். எந்தக் கன்று எங்கே, ஆர்.ஓ. டிரம் எது, தொட்டியை எப்போது கழுவினோம் என்று ஒரு நோட்டில் எழுதி, சேர்க்கைப் பதிவேடு இருக்கும் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.