பழைய ஸ்போர்ட்ஸ் காரின் தளர்ந்த சஸ்பென்ஷனைப் புதுப்பிப்பது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது வண்டியைத் தாழ்த்திக் காட்டும் ஸ்பிரிங்கை. என் யோசனை வேறு. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டியில் முதலில் கவனிக்க வேண்டியவை கண்ணில் படாத ரப்பர் புஷ்கள். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் ஒவ்வொன்றும் வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு புஷ் உட்கார்ந்திருக்கிறது. அது தளர்ந்துபோன பிறகு எத்தனை விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரைப் பூட்டினாலும் சக்கரம் தன் கோணத்தில் நிற்காது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். திருப்பத்தில் பின்பக்கம் அரை நொடி தயங்கித்தான் தொடரும். எனவே முதலில் உறுதியாக்குங்கள், மேம்பாடு அதற்கு அப்புறம்.

விளக்கத்துக்கு 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்கிறேன். அதன் நான்கு சக்கரங்களிலும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். நடுவே ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கூட்டாக நிற்கின்றன. கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான அமைப்பு அரிது. மற்ற கார்களுக்கும் அடிப்படை இதுவே, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். போர்ஷே 944-ன் பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, முறுக்குத் தண்டுதான் பாரத்தைத் தாங்குகிறது. உங்கள் காருக்கான பணிமனைக் கையேடு பக்கத்தில் இல்லாமல் ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள்.

படி 1: எது தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்

வண்டியின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று பார்க்கும் சோதனையை எல்லோரும் சொல்வார்கள். முற்றிலும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும்; பாதி தேய்ந்தது அதில் தப்பிவிடும். ஷாக்கின் உடலைப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து அதன்மேல் மண் அப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்து, சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, உச்சியிலும் அடியிலும் கைவைத்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே, ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டின் மேல் பழி போட வேண்டாம். இன்னொருவரைப் பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் குறை பெரும்பாலும் வீல் பேரிங்கில் இருக்கிறது. அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட்டையோ புஷ்ஷையோ சந்தேகிக்கலாம். சக்கரத்தின் இடப்புறமும் வலப்புறமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராட் முனையைப் பாருங்கள். கடைசியாக, ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கடப்பாரை முனையைக் கொடுத்து மெல்ல நெம்புங்கள். நல்ல புஷ் சற்றே வளைந்து திரும்பும். கெட்டுப்போனதில் ரப்பர் வெடித்திருப்பதும், புஷ்ஷின் நடுவிலுள்ள உள் உருளை மையத்தை விட்டு விலகி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் டார்ச் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

படி 2: என்ன வாங்குவது

ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். முன்னால் இரண்டு, அல்லது பின்னால் இரண்டு. ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கிப் பழைய ஷாக்கை விட்டுவைத்தால், அந்த விறைப்பை அடக்கும் வலு ஷாக்குக்கு இருக்காது. வண்டி துள்ளும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புஷ்ஷில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ரப்பர் அமைதியானது, பராமரிப்பு கேட்காது. பாலியூரித்தேன் விறைப்பானது, ஸ்டீயரிங்கின் பதில் கூர்மையாகும். ஆனால் சரியான கிரீஸ் பூசாவிட்டால் கிறீச்சிடும், சாலையின் நடுக்கத்தையும் கூடுதலாக உள்ளே அனுப்பும். சாலையில் மட்டும் ஓட்டும் காருக்குப் புதிய ரப்பரே போதும் என்பது என் கருத்து. முப்பது வயது ரப்பரிலிருந்து புது ரப்பருக்கு மாறும்போதே வேறு வண்டியை ஓட்டுவது போலிருக்கும்.

பம்ப் ஸ்டாப்பை மறந்துவிடாதீர்கள். ஷாக்கின் தண்டில் கோக்கப்பட்டிருக்கும் அந்தச் சின்ன நுரைத் துண்டு பழைய கார்களில் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். அது இல்லாத ஷாக் பள்ளத்தில் இரும்போடு இரும்பாக மோதும். ஷாக்கின் உச்சியை வண்டியோடு இணைக்கும் மேல் மவுண்ட், ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டான ஸ்டெபிலைசர் பாரை ஆர்மோடு இணைப்பது), நைலான் வளையம் வைத்த புதிய நட்டுகள் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். கழற்றிய பூட்டு நட்டை மறுபடி பயன்படுத்துவது சிக்கனமல்ல.

படி 3: முந்தைய நாள் வேலை

எல்லா போல்ட்டுகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். எம்.எக்ஸ்-5-ன் கீழ் ஆர்ம் போல்ட்டுகள் சாதாரணமானவை அல்ல. அவற்றைத் திருகித்தான் சக்கரத்தின் கோணத்தை மாற்றுகிறார்கள். தலையில் வட்டத் தகடும் அளவுக் கோடுகளும் இருக்கும். கழற்றுவதற்கு முன் அவை நிற்கும் இடத்தை வெள்ளைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று புஷ்ஷின் உள் உருளையோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தியலோடு மல்லுக்கட்டாதீர்கள். அறுத்தெடுத்துப் புதியது போடுவதுதான் வழி.

வண்டி தரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் வளைவு வரை உள்ள உயரத்தை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள்.

படி 4: தூக்குவதும் கழற்றுவதும்

சமமான, கெட்டியான தரை வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, கையேடு காட்டும் இடத்தில் ஜாக் கொடுத்துத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே இல்லை.

முன்பக்கமோ பின்பக்கமோ, இரண்டு சக்கரங்களையும் சேர்த்தே தூக்குங்கள். ஒன்று மட்டும் தொங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். லிங்க் போல்ட் எளிதில் வெளியே வராது. பிரிப்பது மட்டும் ஒரு பக்கமாக இருக்கட்டும். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்ற குழப்பம் வரும்போது பிரிக்காத மறுபக்கமே உங்கள் படவிளக்கம்.

பிரேக் காலிப்பரைக் கழற்ற நேர்ந்தால் அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பால் ஜாயின்ட்டின் நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரைகள் மிச்சம் வைத்துவிட்டு, பிரிப்பான் கருவியால் அதன் கூம்பு வடிவத் தண்டை விடுவியுங்கள். இல்லாவிட்டால் ஆர்ம் திடீரென்று கீழே பாயும்.

படி 5: ஸ்பிரிங்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான். அமுங்கிய ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கும் விசை, ஷாக்கின் உச்சி நட்டைக் கழற்றியதும் வெடித்துக் கிளம்பும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவிகள் இரண்டையும் எதிரெதிரே பூட்டி, மாறி மாறிச் சில சுற்றுகளாக இறுக்குங்கள். மேல் தட்டு கையால் ஆடும் அளவுக்கு ஸ்பிரிங் அமுங்கிய பிறகே நட்டில் ஸ்பேனர் படலாம். முகத்தை அந்த நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். கருவி மலிவானதாகவோ கை பழகாததாகவோ இருந்தால், கழற்றிய கூட்டைப் பணிமனைக்கு எடுத்துச் சென்று மாற்றி வாங்கி வருவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. புதிய ஷாக்கின் தண்டைக் குறடால் பிடிக்கவும் வேண்டாம். அதில் விழும் ஒரு கீறல் எண்ணெய் சீலைக் கிழித்துவிடும்.

படி 6: புஷ்களை மாற்றுவது

பழைய ரப்பர் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுத்தால் ஆர்ம் வளைந்துவிடும். அழுத்து இயந்திரம் வேண்டும். இல்லையென்றால் நீண்ட போல்ட்டும் பொருத்தமான அளவில் இரண்டு சாக்கெட்டுகளும் கொண்டு இழுத்து வெளியேற்றலாம். துளையைச் சுத்தம் செய்து, புதியதை நேராக உள்ளே செலுத்துங்கள். எங்காவது சாய்ந்து போவது தெரிந்தால் நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடி தொடங்குங்கள்.

படி 7: இறுக்கும் விதம்

ரப்பர் புஷ்ஷின் வெளி உருளை ஆர்முக்குள் இறுகியிருக்கிறது. உள் உருளையைப் போல்ட் சட்டத்தோடு நெருக்கிப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இரண்டோடும் ஒட்டிக்கொண்டது. ஆகவே ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது அங்கே எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர்தான் முறுகுகிறது. போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறீர்களோ, அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை.

சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் பிழிந்த துணி போல முறுகியே கிடக்கும். வண்டி சற்று உயர்ந்து நிற்கும், சவாரி விறைக்கும், புதிய புஷ் சீக்கிரமே கிழியும். மாற்றியும் பயனில்லை என்று நொந்துகொள்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த நிலையில் இறுக்கினீர்கள் என்றுதான்.

எனவே எல்லா போல்ட்டுகளையும் கோத்து, நட்டுகளை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். சக்கரங்களை மாட்டி, நான்குக்கும் அடியில் உறுதியான மரக்கட்டை அடுக்குகளைச் சம உயரத்தில் வைத்து, வண்டியின் முழுப் பாரமும் அவற்றில் நிற்கும்படி இறக்குங்கள். பாதுகாப்புக்கு ஸ்டாண்டுகள் சட்டத்துக்கு அடியில் தொடாமல் நிற்கட்டும். ஒவ்வொரு மூலையையும் சிலமுறை அழுத்தி அமரவிட்டு உயரத்தை அளங்கள். பழைய அளவு ஸ்பிரிங் போட்டிருந்தால் இடமும் வலமும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கின் நுனி தட்டிலுள்ள பள்ளத்தில் சரியாக அமரவில்லை என்று பொருள். அதன் பிறகு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எடுத்துக் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்குங்கள். கட்டையில் நிற்கும் வண்டியை அசைக்காதபடி, கைப்பிடியைச் சீராக இழுங்கள்.

பாலியூரித்தேன் போட்டவர்களுக்கு இந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அதில் பொருள் உள் உருளையின் மேல் சுழல்கிறது, அதனால்தான் அது கிரீஸ் கேட்கிறது.

படி 8: சாலைக்கு வருமுன்

குறியிட்ட இடத்திலேயே போல்ட்டுகளை வைத்திருந்தாலும் சக்கரக் கோணம் மாறியிருக்கும். மெதுவாக ஓட்டி நேராக வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். அங்கே கீழ் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்குவார்கள்; வழக்கமான பாரத்தில் இறுக்கினால்தான் ரப்பரின் ஓய்வு நிலை சரியாக இருக்கும் என்பதால், எரிபொருள் தொட்டி பாதியாவது நிறைந்திருக்கட்டும். எப்போதும் தனியாக ஓட்டுபவரென்றால் உங்கள் எடைக்கு ஈடான சுமையை ஓட்டுநர் இருக்கையில் வைக்கச் சொல்லலாம். எம்.எக்ஸ்-5 போல ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள காரில் அதுகூடக் கணக்கில் வரும்.

சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். வண்டியின் உயரம் மாறியிருந்தால் முகப்பு விளக்கின் ஒளி விழும் இடமும் மாறியிருக்கும். இரவில் வெளியே எடுக்குமுன் அதையும் சரிசெய்துவிடுங்கள்.